ஆறு அங்குலத்துக்கு மேல்

கத்திக்குத் தடை கேட்டு ராமநாதபுரம் வரைக்கும் நடையாய் நடந்து மனுக் கொடுத்தது இன்னாசிதான். அதில் அவனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கூடப் பிறந்த அண்ணனைக் கடற்கரை மணலில் வெட்டுப்பட்டுக் கிடக்கப் பார்த்தவன் வேறென்ன செய்வான்? பதிலுக்கு வெட்டியிருக்கலாம். ஊரில் பாதிப் பேர் அதைத்தான் எதிர்பார்த்தார்கள். இன்னாசி அதைச் செய்யாமல் தாளும் பேனாவும் தேடிப் போனான்.

திருப்பாலைக்குடிக்கும் காரங்காட்டுக்கும் நடுவில் இருக்கிற சின்னக் கரை அது. நாற்பது வீடு, ஒரு மாதா கோவில், பதினாறு வள்ளம். ஒவ்வொரு வள்ளத்திலும் முழங்கை நீளத்துக்கு ஒரு கத்தி இருக்கும். வலை பாறையில் மாட்டினாலோ கயிறு சிக்கினாலோ ஒரே வெட்டில் அறுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் வள்ளமே போய்விடும். கரை இறங்கும்போது அந்தக் கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டுக்குப் போவது வழக்கம். அப்படிப் போகும்போதுதான் வியாகுலத்துக்கும் இன்னாசியின் அண்ணன் சந்தியாகுவுக்கும் வலை பின்னிக்கொண்டதில் வாய்ச்சண்டை வந்தது. கையில் கத்தி இல்லாதிருந்தால் இரண்டு பல் போயிருக்கும், நாலு மாதம் பேச்சு நின்றிருக்கும், பாஸ்காத் திருநாள் முடிந்து ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டிருப்பார்கள். கத்தி இருந்தது. சந்தியாகு போய்ச் சேர்ந்தான். வியாகுலம் ஆயுள் தண்டனை வாங்கிக்கொண்டு திருச்சி ஜெயிலுக்குப் போனான்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கே ஆண்கள் கத்தியோடு வர ஆரம்பித்தார்கள். ஒரு பக்கம் சந்தியாகு வகையறா, மறுபக்கம் வியாகுலம் வகையறா. நடுவில் சாமியார் நடுங்கிக்கொண்டே நற்கருணை கொடுத்தார். இன்னாசி மனு எழுதியது அப்போதுதான். முதல் கைநாட்டு சந்தியாகுவின் பெஞ்சாதி ஜெபமாலை வைத்தாள்.

"என் புருசன் போனது போகட்டும் தம்பி," என்றாள் ஜெபமாலை. "எனக்குன்னு மிச்சம் இருக்கது சகாயம் ஒருத்தன்தான். அவனும் ஒருநா கத்திய எடுத்துட்டு அந்த வீட்டு வாசல்ல போயி நிப்பான். இல்லாட்டி அவனுக எவனாச்சும் இங்கன வந்து நிப்பான். அதுக்கு முன்ன ஏதாச்சும் செய்யி."

"அவன் என் வள்ளத்துலதான மதினி வாரான். அவன் மேல ஒரு கீறல் விழாமக் கரை சேக்கிறது என் பொறுப்பு," என்று இன்னாசி சொன்னான். அந்த வார்த்தையை அவன் சும்மா சொல்லவில்லை. அண்ணன் மகனைத் தன் பிள்ளையைப் போலத்தான் பார்த்தான்.

உத்தரவு வந்தது. அய்ம்பத்தெட்டாம் வருசம் மழைக்காலத் தொடக்கத்தில் தெருத்தெருவாகத் தமுக்கடித்துச் சொன்னார்கள். ஆறு அங்குலத்துக்கு மேற்பட்ட கத்தி, அரிவாள் எதையும் தெருவிலோ கடற்கரையிலோ கோவில் வளாகத்திலோ எவரும் கொண்டு வரக்கூடாது. வள்ளக் கத்திகளைப் புதிதாகப் போட்ட போலீஸ் கொட்டகையில் ஒப்படைக்க வேண்டும். விடியற்காலையில் சீட்டுக் காட்டி வாங்கிக்கொண்டு நேரே வள்ளத்துக்குப் போக வேண்டும், கரையேறினதும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். மீறினால் ஆறு மாதம் உள்ளே. பெண்களின் அரிவாள்மனையைப் பற்றி உத்தரவில் ஒன்றும் இல்லை. "நாளைக்கு எவனையாச்சும் குத்தணும்னா மனையோட தூக்கிட்டுப் போக வேண்டியதுதான்" என்று சகாயம் கேலி பேசினான். அவனுக்கு எதிலும் கேலி. இருபத்து மூன்று வயது. தொண்டிப் பக்கம் பெண் பார்த்துக் கோவிலில் கல்யாண அறிவிப்பின் இரண்டாம் ஓலையும் வாசித்தாகிவிட்டது.

கொட்டகையில் கத்தி கொடுக்கிற ஏட்டு வடக்கே ஆற்காட்டுப் பக்கத்து ஆள். முதல் நாள் அவர் கத்தியை எடுத்து நீட்ட, முன்னால் நின்றவன் இரண்டடி பின்னால் போனான். அடுத்தவனும் வாங்கவில்லை. ஏட்டுக்குக் கோபம் வந்துவிட்டது.

"என்னய்யா, வேணுமா வேணாமா?"

"கீழ வைங்கய்யா, எடுத்துக்கிறோம்," என்றான் இன்னாசி. "கத்திய கைக்குக் கை மாத்துனா பகை வந்துரும்."

"ஏற்கெனவே வந்ததுக்குத்தானேய்யா நான் இங்கே வந்து உட்கார்ந்திருக்கேன்," என்று ஏட்டு முணுமுணுத்தார். ஆனாலும் அன்றிலிருந்து பெஞ்சின் மேல் வைப்பார், அவனவன் குனிந்து எடுத்துக்கொள்வான். அந்தக் கரையில் பால் மறக்காத பிள்ளைகூட அம்மா கையிலிருந்து கத்தியை நேராக வாங்காது. தரையில் வைத்தால்தான் தொடும். பகை உள்ள வீடுகளுக்குள் இது இன்னும் கடுமை. வியாகுலத்தின் தம்பி சவேரியார் வீட்டிலிருந்து ஒரு தூண்டில் முள்கூட இன்னாசி வீட்டுக்கு வந்ததில்லை, இங்கிருந்தும் அங்கே போனதில்லை.

இரண்டு மாதத்துக்கு என்று போட்ட உத்தரவை இன்னும் இரண்டு மாதம் நீட்டினார்கள். ஊர் அடங்கியது என்பது உண்மை. பூசைக்குக் கையை வீசிக்கொண்டு வந்தார்கள். ஆனால் கொட்டகை திறக்க நேரமாகும், ஏட்டுக்குக் காய்ச்சல் வரும், சாவி வேறு ஆளிடம் போயிருக்கும். காற்று யாருக்கும் காத்திருக்காதே. அதனால் ஒவ்வொருவனும் பெயருக்கு ஒரு துருப்பிடித்த கத்தியைக் கொட்டகையில் கொடுத்துவிட்டு, நல்ல கத்தியை வள்ளத்து அடிப்பலகைக்குக் கீழே ஒளித்து வைத்தான். இது ஊருக்கே தெரியும். சாமியாருக்குத் தெரியும். ஏட்டுக்கும் தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். ஒளிக்காதவன் ஒருவன்தான். மனுக் கொடுத்தவன் எப்படி ஒளிப்பான்?

தை பிறப்பதற்கு நாலு நாள் முன்பு கொட்டகை பூட்டிக் கிடந்தது. யாரோ மந்திரி வருகிறார் என்று ஏட்டைப் பந்தோபஸ்துக்குக் கூட்டிப் போயிருந்தார்கள். மூன்று நாள் அடித்த வாடைக்காற்று அன்று காலையில் கொஞ்சம் தணிந்திருந்தது. மற்ற வள்ளங்கள் ஒவ்வொன்றாகப் பாய் விரித்துப் போய்க்கொண்டிருந்தன. இன்னாசியின் வள்ளம் மட்டும் கரையில் நின்றது.

"சின்னய்யா, அய்யாவோட பழைய கத்தி கூரையில சொருகிக் கெடக்கு. ஓடிப்போயி எடுத்துட்டு வந்துறவா?" என்று சகாயம் கேட்டான்.

"வேணாம்."

"எல்லாரும் கொண்டுட்டுத்தான போறாக."

"எல்லாரும் மனுக் குடுக்கலியே. நாங் குடுத்தேன். ஏங் கையில பிடிபட்டா ஊரு காறித் துப்பும்லே."

சகாயம் சிரித்தான். இடுப்பிலிருந்த சின்னக் கத்தியைத் தொட்டுக் காட்டினான். நாலு அங்குலம், மீன் கிழிக்கிற கத்தி. "சரி, சர்க்காரு அனுமதிச்ச கத்தியே போதும். ஏறுங்க."

மூன்றாவது ஆள் முத்தழகு. கடலாடிப் பக்கத்துக் கூலி விவசாயி. வானம் பொய்த்ததால் இரண்டு வருசமாகக் கடலுக்கு வருகிறவன், துடுப்புப் போடத் தெரியும், மற்றதெல்லாம் சொன்னால் செய்வான். மூவரும் வள்ளத்தைத் தள்ளி ஏறினார்கள்.

பாருக்கு மேலே வந்து நங்கூரம் போட்டு வலை இட்டார்கள். கடலுக்குள் மறைந்து கிடக்கிற பாறைத் திட்டைத்தான் பார் என்பது. மீன் அங்கேதான் அடையும். வெயில் ஏற ஏற வாடை மறுபடியும் பலத்தது. கடல் கறுத்து, அலை உயர ஆரம்பித்தது. வலையை அள்ளிப் போட்டுவிட்டுக் கிளம்பலாம் என்றான் இன்னாசி. நங்கூரம் பாறை இடுக்கில் மாட்டிக்கொண்டது. சகாயம் வள்ளத்தின் முனையில் நின்று கயிற்றை இழுத்தான். இழுத்த கயிறு காலடியில் வட்டம் வட்டமாக விழுந்தது. நங்கூரத்துக்கு நேர் மேலே வந்துவிட்டார்கள், இன்னும் ஒரு இழுப்பு என்று அவன் காலை உந்தினான். அந்த நேரம் பார்த்து ஒரு பெரிய அலை வள்ளத்தைத் தூக்கியது. கயிறு அவன் கையை உரித்துக்கொண்டு ஓடியது, ஓடிய கயிற்றின் ஒரு வளையம் கணுக்காலைப் பிடித்தது. அவனைக் கடலுக்குள் இழுத்துக்கொண்டு போய்விட்டது.

கண்மூடித் திறக்கிற நேரம்தான். காற்று வள்ளத்தைப் பின்னால் தள்ளியது. கயிறு விறைத்தது. சகாயத்தைக் காணோம்.

"கயித்தப் பிடி, முத்தழகு, இழு, இழு."

இரண்டு பேரும் பலம் கொண்ட மட்டும் இழுத்து வள்ளத்தை மறுபடி நங்கூரத்துக்கு நேர் மேலே கொண்டு வந்தார்கள். கயிறு நேராக நின்றதும் சகாயத்தின் முகம் மேலே வந்தது. கைக்கெட்டும் தூரம். கீழே மாட்டியிருக்கிற நங்கூரத்திலிருந்து அவன் காலைப் பிடித்த இடம் வரை கயிறு கொஞ்ச நீளம்தான். அதற்கு மேல் அவன் உடம்பின் உயரம். அலை தாழ்ந்தால் மூக்கு வெளியே வந்தது, அலை உயர்ந்தால் முகம் முங்கியது. அவ்வளவுதான் கணக்கு.

சகாயம் மூச்சை இழுத்துக்கொண்டு முங்கினான். சின்னக் கத்தியை எடுத்துக் கயிற்றை அறுக்கப் பார்த்தான். மணிக்கட்டுத் தடிமன் தென்னந்தும்புக் கயிறு, நனைந்து கல்லாகிக் கிடந்தது. இரண்டு பேர் இழுப்புக்கு அது தொய்யவில்லை, விறைத்த வளையத்தைக் கையால் பிரிக்கவும் முடியவில்லை. மூன்றாவது தடவை மேலே வந்தபோது கையில் பிடி மட்டும் இருந்தது.

"ஒடிஞ்சு போச்சு சின்னய்யா."

இன்னாசி குதிக்கப் போனான். அவன் கயிற்றிலிருந்து கையை எடுத்ததும் முத்தழகு ஒருத்தனால் பிடிக்க முடியவில்லை. வள்ளம் பின்வாங்கியது, சகாயம் கீழே போனான். திரும்ப ஓடி வந்து பிடித்தான். கயிற்றைக் கட்டிப் போடவும் வழியில்லை. கட்டினால் அலை வள்ளத்தைத் தூக்குகிறபோது கால் பிய்ந்துவிடும். அலைக்கு விட்டுக் கொடுத்து, மறுபடி இழுத்து, கையாலேயே நிற்க வேண்டும். இரண்டு பேர் கையில் பலம் இருக்கிற வரைக்கும் சகாயம் மூச்சு விடுவான். ஒரு கத்தி, ஒரே ஒரு வெட்டு. கூரையில் சொருகிக் கிடந்த கத்தி இன்னாசியின் கண்ணுக்குள்ளேயே நின்றது. வேண்டாம் என்று சொன்ன வாயை அடித்து நொறுக்கலாம் போல இருந்தது.

எவ்வளவு நேரம் அப்படி நின்றார்கள் என்று இரண்டு பேருக்குமே சொல்லத் தெரியவில்லை. உள்ளங்கைத் தோல் கயிற்றோடு போய்விட்டது. முத்தழகு கருப்பனைக் கூப்பிட்டான், இன்னாசி மாதாவைக் கூப்பிட்டான். வந்தது சவேரியார்.

அவன் வள்ளமும் கரைக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. தூரத்திலிருந்தே நிலைமை புரிந்துவிட்டது போல. பாயை இறக்கிவிட்டுத் துடுப்புப் போட்டு வந்தான். இரண்டு வருசமாக முகம் பார்க்காத ஆள். கிட்டே வந்ததும் அடிப்பலகையைத் தூக்கினான், முழங்கை நீளக் கத்தியை வெளியே எடுத்தான். தன்னோடு வந்த ஆளிடம் சுக்கானைக் கொடுத்துவிட்டு ஓரத்தில் வந்து நின்றான். வள்ளமும் வள்ளமும் மோதினால் நடுவில் இருக்கிற சகாயத்தின் மண்டை போய்விடும். அதனால் இரண்டு கஜம் தள்ளியே நிறுத்தினான்.

"அண்ணே, பிடி."

முனையைத் தன் பக்கம் வைத்துக்கொண்டு பிடியை நீட்டினான். உடம்பைப் பாதிக்கு மேல் வெளியே சாய்த்திருந்தான். இன்னாசி கயிற்றை இடது கைக்கு மாற்றி, வலது கையை நீட்டினான். பிடி விரலில் பட்டது. சவேரியார் விட்டான்.

இன்னாசியின் கை பின்னால் போனது.

அவன் நினைத்து இழுக்கவில்லை. எந்தத் தெய்வத்தின் மேலும் சத்தியம் செய்யலாம், அவன் நினைக்கவே இல்லை. நாற்பத்தைந்து வருசமாகக் கத்தியைக் கண்டால் எந்தக் கை ஒதுங்கியதோ அந்தக் கை தானாக ஒதுங்கியது. நீட்டியவன் அண்ணனைக் கொன்றவனின் தம்பி. கத்தியும் அதே நீளம், அதே ஊர்க் கொல்லன் அடித்தது. புத்தி வேண்டும் வேண்டும் என்று கத்துகிறது, கை கேட்கவில்லை. கத்தி வள்ளத்தின் விளிம்பில் ஒரு தடவை தட்டி, தண்ணீருக்குள் போய்விட்டது. சகாயம் அதைப் பார்த்தான். அப்போது அவன் முகம் வெளியேதான் இருந்தது.

இன்னாசியின் இடது கையும் தளர்ந்தது. வள்ளம் பின்னால் ஓடியது.

சவேரியார் குதித்தான். முங்கி முங்கி எழுந்தான், கத்தியைத் தேடினான், கிடைக்காமல் கயிற்றையே பல்லால் கடித்தான். அவனோடு வந்த ஆள் இன்னாசியின் வள்ளத்தில் தாவிக் கயிற்றைப் பிடித்தான். மூன்று பேர் இழுத்து மறுபடியும் வள்ளத்தைக் கொண்டு வந்து நிறுத்தி, கயிறு தொய்ந்த பிறகு, சவேரியார் கீழே போய் வளையத்தைக் கையாலேயே பிரித்துக் காலை எடுத்தான். அவன் நகம் நாலு பெயர்ந்திருந்தது. சகாயத்தை மேலே தூக்கிக் குப்புறப் போட்டு அழுத்தினார்கள். தண்ணீர் வந்தது. வேறொன்றும் வரவில்லை.

பொழுது சாயுமுன் ஊரே கடற்கரையில் கூடிவிட்டது. ஜெபமாலை மகன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, ஈரத் தலையைத் தன் முந்தானையால் துவட்டிக்கொண்டே இருந்தாள். அழவில்லை. சவேரியாருடன் வந்தவன் வாய் தவறி யாரிடமோ கத்தி கடலில் விழுந்ததைச் சொல்லிவிட்டான். அது கூட்டத்துக்குள் ஒரு சுற்றுச் சுற்றி வருவதற்குள் வேறாகிவிட்டது. கொலைகாரன் தம்பி கத்தியைக் காட்டிவிட்டு வேண்டுமென்றே கடலில் போட்டுவிட்டான். அண்ணன் அப்பனை முடித்தான், தம்பி பிள்ளையை முடித்தான். இரண்டு பேர் ஏற்கெனவே துடுப்பைக் கையில் எடுத்துவிட்டார்கள்.

சப்-இன்ஸ்பெக்டர் ஜீப்பில் வந்து இறங்கியதால் சவேரியார் உயிர் தப்பியது. அவர் அவனைத் தனியாக நிறுத்திக் கேட்டார்.

"கத்தி இருந்ததா?"

"இருந்துச்சு."

"எப்படி விழுந்தது?"

"விழுந்துருச்சு," என்றான் சவேரியார். அதற்கு மேல் அவன் வாயைத் திறக்கவில்லை. இன்னாசியின் பக்கம் திரும்பவும் இல்லை.

சப்-இன்ஸ்பெக்டர் இன்னாசியைப் பார்த்தார். ஊரும் பார்த்தது. முத்தழகு மட்டும் தரையைப் பார்த்தான். இன்னாசியின் கை பின்னால் போனதை அந்த வள்ளத்திலேயே பக்கத்தில் நின்று பார்த்தவன் அவன். இன்னாசி ஒரு வார்த்தையும் பேசாமல் நின்றால் போதும். கொலைக் கேஸாகிவிடும். அண்ணனும் தம்பியும் ஒரே ஜெயிலில் கிடப்பார்கள். மதினிக்கு வெறுக்க ஒரு வீடு ஏற்கெனவே இருக்கிறது, இதையும் அங்கேயே கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவாள். அவன் அப்படித்தான் கொஞ்ச நேரம் நின்றான். கொஞ்ச நேரம்தான் என்றாலும் நின்றான், அதை மறைத்துப் பிரயோசனமில்லை.

"சொல்லு தம்பி," என்றாள் ஜெபமாலை மடியிலிருந்து கண்ணை எடுக்காமல். "அவன் குடுக்கல, அப்பிடித்தான?"

"குடுத்தான் மதினி." இன்னாசி மதினியைப் பார்த்தே சொன்னான். "எட்டிக் குடுத்தான். பிடி ஏங் கையில பட்டுச்சு. நாந்தான் கைய இழுத்துக்கிட்டேன்."

சப்-இன்ஸ்பெக்டர் நோட்டுப் புத்தகத்தில் எழுதிவிட்டு, உத்தரவை மீறி ஆறு அங்குலத்துக்கு மேல் கத்தி வைத்திருந்ததாகச் சவேரியாரைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். போலீஸ்காரன் விலங்கை எடுத்தான்.

"எஜமான்," என்றான் இன்னாசி, "நாங் கைய இழுத்தத எழுதலியே."

"அதுக்குச் சட்டத்தில் ஒண்ணும் இல்லையப்பா," என்றார் அவர். கெட்ட மனுசன் இல்லை. கொஞ்சம் வருத்தத்தோடுதான் சொன்னார். "கத்தி வெச்சிருந்தான், அதுக்குத்தான் இருக்கு. நீதான் அதுக்கு முதல் சாட்சி. கூப்பிடும்போது வந்து சொல்லணும்."

தானே கேட்டு வாங்கிய உத்தரவு, தன் வாயால் சொன்ன சாட்சி. உதவிக்கு வந்த ஒரே ஆள் உள்ளே போகிறான். இன்னாசியால் அதற்கு மேல் யோசிக்க முடியவில்லை. சகாயத்தை வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டும், அதையாவது செய்வோம் என்று குனிந்து தோளுக்குக் கீழே கை கொடுத்தான்.

"நீங்க தொட வேணாம்," என்றாள் ஜெபமாலை.

சத்தமாகச் சொல்லவில்லை. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. இன்னாசி கையை எடுத்துக்கொண்டான். ஜெபமாலை நிமிர்ந்து, விலங்கு மாட்டப் போன போலீஸ்காரனைப் பார்த்தாள்.

"அய்யா, ஒரு நாழி பொறுத்து மாட்டுங்க. எம் மகன வீட்டு வரைக்கும் அவன் தூக்கிட்டு வரட்டும்."

போலீஸ்காரன் அதிகாரியைப் பார்த்தான். அவர் தலையசைத்தார். சவேரியார் வந்து சகாயத்தின் தலைமாட்டில் குனிந்தான், முத்தழகு கால்மாட்டைப் பிடித்தான். கூட்டம் விலகி வழி விட்டது. ஜெபமாலை மகனின் தலையில் ஒரு கையை வைத்துக்கொண்டு கூடவே நடந்தாள். எல்லோரும் போன பிறகும் இன்னாசி அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தான். அவனை யாரும் கூப்பிடவில்லை.